மிட்-டிரைவ் கிட்: வாட்ஸ் பார்த்து ஏமாறாதீங்க

"750 வாட்ஸ் கிட் மலிவா கிடைக்குது, வாங்கட்டுமா?" இதுதான் இன்னைக்குக் கேள்வி.

வேண்டாம். இந்தியாவில் 250 வாட்ஸ், மணிக்கு 25 கிலோமீட்டர், இதுக்குள்ள இருந்தால்தான் பதிவு, லைசென்ஸ் தேவையில்லை. தாண்டினால் சட்டப்படி அது மோட்டார் வண்டி. விபத்துன்னா மாட்டுறது நீங்கதான்.

மிட்-டிரைவோட பலமே சைக்கிள் கியர் வழியா இழுக்கிறதுதான். கியரைக் குறைச்சா 250 வாட்ஸே மேம்பாலம் ஏறும்.

அந்த பவரில் பாஃபாங் பிபிஎஸ்01, டோங்ஷெங் டிஎஸ்டிஇசட்2 ரெண்டும் உண்டு. பாஃபாங், பெடல் சுத்துதான்னு மட்டும் பார்க்கும். டோங்ஷெங்கோட டார்க் சென்சார் உங்க மிதியின் அழுத்தத்தை அளந்து, அதுக்கேத்த மாதிரி தள்ளும். டிராஃபிக்கில் அதுதான் சௌகரியம். என் ஓட்டும் அதுக்குத்தான்.

காசு கட்டுறதுக்கு முன்னாடி, பெடல் அச்சு போற குழாயின் அகலத்தை அளந்துடுங்க. 68 இல்ல 73 மில்லிமீட்டரா இல்லேன்னா, கிட் பெட்டியிலேயே தூங்கும்.