முயலின் மயிருதிர் காலமும் வயிற்று நோயும்

வீட்டில் வளரும் உயிர்கள் ஒவ்வொன்றுக்கும் தன் துன்பத்தைத் தெரிவிக்க ஒரு வழி உண்டு. நாய் முனகும், பூனை கத்தும், பசு தொழுவத்தில் நில்லாது அலையும், கோழி இறகைச் சிலிர்த்துக்கொண்டு மூலையிலே ஒதுங்கும். முயல் ஒன்றுதான் வாய் திறவாது. பிற விலங்குகளால் வேட்டையாடப்படும் பிராணியாகையால், தன் நோயை மறைப்பது அதற்கு இயற்கை கற்பித்த பாதுகாப்பு. தளர்ச்சியைக் காட்டும் முயலே நரிக்கும் பருந்துக்கும் முதலில் இரையாகும். ஆகவேதான், “நேற்று இரவு நன்றாயிருந்த முயல் இன்று காலை இறந்து கிடந்தது” என்று பலர் வருந்திச் சொல்லக் கேட்கிறோம். அது நன்றாயிருக்கவில்லை. நன்றாயிருப்பது போலத் தோன்றியது, அவ்வளவே.

இத்தகைய மரணங்களுள் பல, முயல் தன் பழைய மயிரை உதிர்த்துப் புதிய மயிரைப் பெறும் காலத்திலே நேர்கின்றன. ஒரு வீட்டில் நடந்தது இதனை நன்கு விளக்கும்.

கிணற்றடிக்கும் அடுக்களைக்கும் இடையிலுள்ள தாழ்வாரத்தில் ஒரு மரக்கூடு. அதனுள்ளே இரண்டு கிலோ எடையுள்ள ஒரு வெள்ளை முயல். கூட்டைக் கூட்டித் துப்புரவு செய்வது ஏழாம் வகுப்பிற் படிக்கும் சிறுமியின் வேலை. சில நாட்களாக முயலின் கழுத்திலிருந்தும் முதுகிலிருந்தும் மயிர் கொத்துக் கொத்தாகக் கழன்றுகொண்டிருந்தது. ஒரு நாட்காலை அவள் கூட்டைக் கூட்டியபோது, வழக்கமாக விழும் புழுக்கைகளில் பாதியும் இல்லை. இருந்தவையும் மிளகளவே இருந்தன. அவற்றுட் சில, வெள்ளை மயிரிலே கோத்த மணிகளைப் போல ஒன்றோடொன்று தொங்கிக் கிடந்தன. அவள் போய்த் தகப்பனாரிடம் சொன்னாள். “மயிர் கொட்டும் காலத்திலே எந்தப் பிராணியும் கொஞ்சம் சோர்ந்துதான் இருக்கும், பிள்ளை. நாளைக்குப் பார்ப்போம்” என்றார் அவர். அப்பாச்சி இரக்கப்பட்டுப் பாணைப் பாலில் நனைத்துக் கொண்டு வந்து வைத்தார். அயல்வீட்டார் ஒருவர், வயிற்றிலே மயிர் உருண்டை கட்டியிருக்கும் என்றும், அன்னாசிச் சாறு கொடுத்தால் அது கரையும் என்றும் சொல்லிப் போனார். முயல் எதையும் தொடவில்லை.

அந்த வீட்டில் எவரும் முயலுக்குத் தீங்கு நினைத்தவரல்லர். ஆயினும் அன்று காலை சொல்லப்பட்டவற்றுள்ளும் செய்யப்பட்டவற்றுள்ளும் அச்சிறுமியின் கணக்கு ஒன்றே சரியானது. அது ஏன் என்று அறிவதற்கு முயலின் வயிற்றைப் பற்றிச் சிறிது அறிதல் வேண்டும்.

முயலை எலி, அணில் முதலிய கொறிக்கும் விலங்குகளின் இனத்தில் வைத்தே முன்னாளில் எண்ணினர். அதன் மேல்வாயிலே முன்பற்கள் இரண்டுக்கும் பின்னால் வேறிரண்டு சிறு பற்கள் உள்ளன. இதனையும் பிற வேறுபாடுகளையும் கருதி, 1912ஆம் ஆண்டிலே கிட்லி என்னும் அமெரிக்க அறிஞர் முயலினத்தைத் தனி வரிசையாகப் பிரித்தார். வீடுகளில் வளரும் முயல்களின் முன்னோர் ஐபீரிய தீபகற்பத்திலே, இன்றைய ஸ்பெயின், போர்த்துக்கல் நாடுகளின் புல்வெளிகளிலே வளை தோண்டி வாழ்ந்தவை. இலங்கையின் பற்றைக் காடுகளிலே காணப்படும் காட்டு முயல் வேறோர் இனம். அதன் குட்டிகள் மயிருடனும் திறந்த கண்களுடனும் பிறக்கும். வீட்டு முயலின் குட்டிகளோ மயிரின்றிக் கண்மூடிப் பிறக்கும்.

புல்லையே நம்பி வாழ்ந்த அந்த முன்னோரின் வயிறே கூட்டு முயலுக்கும் அமைந்திருக்கிறது. அது உண்ட புல் இரைப்பையையும் சிறுகுடலையும் கடந்தபின் இரு வழியாகப் பிரிகிறது. நீண்ட நார்கள் கடினமான உருண்டைப் புழுக்கைகளாக வெளியேறுகின்றன. நுண்ணிய துகள்கள் குருட்டுக்குடல் என்னும் பெரிய பைக்குட் செல்கின்றன. அங்கு வாழும் நுண்ணுயிர்கள் அவற்றைப் புளிக்கச்செய்து, புரதமும் ‘பீ’ வகை உயிர்ச்சத்துக்களும் நிறைந்த மென்மையான உருண்டைகளாக மாற்றுகின்றன. கரிய நிறமும் பளபளப்பும் உடைய அவ்வுருண்டைகள் சிறு திராட்சைக் குலை போல வெளிவரும்போது முயல் அவற்றை நேரே வாயில் எடுத்து விழுங்குகிறது. இதனைக் கண்டு அருவருத்து முயலை அடிப்பவர்கள் உண்டு. அது நோயன்று, தீய பழக்கமுமன்று. அதுவே முயலின் இரண்டாம் உணவு.

இந்த ஏற்பாடு முழுவதும் ஓயாத அசைவினாலேயே நடைபெறுகிறது. குடலை அசையச் செய்வது நீண்ட நார். நார் குறைந்தால் அசைவு குறையும்.

இனி மயிரைப் பற்றிப் பார்ப்போம். முயல் நாள்தோறும் தன் உடலை நாவினாலே நக்கித் துப்புரவு செய்யும் பிராணி. அவ்வாறு நக்கும்போது மயிரை விழுங்கும். விழுங்கியதைப் பூனை கக்கிவிடும்; முயலினாற் கக்க இயலாது. அதன் இரைப்பையின் வாயில் அத்துணை இறுக்கமாக அமைந்துள்ளது. ஆகவே, உட்சென்ற மயிர் குடல் வழியாகவே வெளிவருதல் வேண்டும். நோயற்ற முயலின் இரைப்பையிலும் எப்பொழுதும் சிறிது மயிர் இருக்கும். அது புல்லோடு கலந்து தானாகவே கழிந்துவிடும்.

இங்கேதான் முன்னாளில் ஒரு பிழை நேர்ந்தது. இறந்த முயலின் இரைப்பையை அறுத்துப் பார்த்தவர்கள் அங்கே இறுகிய மயிர்க் கட்டியைக் கண்டனர். மயிரே முயலைக் கொன்றது என்று முடிவு செய்தனர். மயிரைக் கரைக்க அன்னாசிச் சாறும் பப்பாசிச் சாறும் கொடுக்கும் வழக்கம் இதிலிருந்தே பரவியது. ஆனால் அச்சாறுகள் மயிரைக் கரைப்பதில்லை. அவற்றிலுள்ள சர்க்கரையோ குடலைக் கெடுக்கும். பிற்கால மிருக வைத்தியர்கள் இதனை வேறுவிதமாக விளங்கிக்கொண்டனர். பெரும்பாலும் முதலில் நேர்வது குடலின் அசைவு தளர்தல். நார் போதாமை, நீர் போதாமை, பல்வலி, வெப்பம், அச்சம் என்பன அதற்குரிய காரணங்களுட் சில. அசைவு தளர்ந்ததும் இரைப்பையிலுள்ள பொருளின் ஈரம் உடலால் உறிஞ்சப்படுகிறது. புல்லும் மயிரும் காய்ந்து இறுகுகின்றன. வாயு சேர்கிறது, வலி உண்டாகிறது. வலியினால் முயல் உண்பதை நிறுத்துகிறது. உண்ணாமையால் குடல் மேலும் தளர்கிறது. மயிர்க் கட்டி அந்நோயின் விளைவேயன்றி, பெரும்பாலும் அதன் மூலமன்று. மயிருதிர் காலம் செய்வதெல்லாம், ஏற்கனவே தளர்ந்திருக்கும் குடலின்மேல் இன்னுமொரு சுமையை ஏற்றுவதுதான்.

இதனால் ஓர் உண்மை பெறப்படுகிறது. மயிருதிர்வைத் தடுக்க எவராலும் முடியாது. குடலைத் தளரவிடாது காப்பது மனிதர் கையில் உள்ளது.

குளிர்நாடுகளிலே பகலின் நீளம் மாறும் வசந்தத்திலும் இலையுதிர் காலத்திலும் முயல்கள் மயிர் உதிர்க்கும். இலங்கையிலே ஆண்டு முழுவதும் பகலின் நீளம் சிறிதளவே மாறுவதால், நாட்காட்டியை நம்பியிராது முயலையே பார்த்தறிதல் நன்று. மயிருதிர்வு பெரும்பாலும் தலையிற் தொடங்கிப் பின்னோக்கிச் செல்லும். மயிர் கழன்ற இடத்தில் புதுமயிர் முளைத்திருக்கும். அவ்வாறன்றித் தோல் வெறுமையாகிச் செதிலும் சொறியும் தோன்றினால், அது உண்ணியாலோ பூஞ்சணத்தாலோ வந்த நோயாகலாம். பெண் முயல் தன் மார்பிலும் வயிற்றிலுமுள்ள மயிரைப் பிடுங்கினால், அது குட்டிகளுக்குப் படுக்கை அமைக்கின்றது என்று கொள்ளலாம்.

மயிருதிர் காலத்திலே நாள்தோறும் மென்மையான தூரிகையால் முயலை வாரிவிடுதல் வேண்டும். வெளியே எடுக்கப்படும் ஒவ்வொரு பிடி மயிரும் வயிற்றுக்குட் போகாத மயிராகும். முயலின் தோல் மெல்லியது. வன்மையாக வாரினாற் கிழிந்துவிடும். தூக்கும்போது பின்பாகத்தையும் தாங்கிப் பிடித்தல் வேண்டும். தாங்காவிடில், திமிறி உதைக்கும் வேகத்தில் தன் முள்ளந்தண்டையே அது முறித்துக்கொள்ளக்கூடும். மயிரை அகற்றுவதற்காக முயலைக் குளிப்பாட்டுதல் ஆகாது.

உணவிலே பத்தில் எட்டுப் பங்கு புல்லாகவும் உலர்ந்த புல்லாகவும் இருத்தல் வேண்டும். அறுகம்புல்லும் கினிப்புல்லும் எங்கும் கிடைப்பவை. கொத்தமல்லி போன்ற இலைகளைச் சிறிது சேர்க்கலாம். கடையில் வாங்கும் தீவனக் குளிசை, எடையில் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளொன்றுக்கு 25 கிராமுக்கு மேற்படாதிருப்பது நன்று. பாணும் விசுக்கோத்தும் சோறும் முயலுக்கு உணவல்ல. படப் புத்தகங்களிலே முயலின் கையிற் காணப்படும் கரட்டும் இனிப்பு மிகுந்தது. ஒரு சிறு துண்டே போதும். ஆடு தின்பதையெல்லாம் முயல் தின்னலாம் என்று எண்ணுவதும் தவறு. வேலியோரங்களில் வளரும் இபில் இபில் மரத்தின் இலையிலே மயிரை உதிரச் செய்யும் நச்சுப்பொருள் ஒன்று உண்டு. ஆட்டின் வயிறு தாங்கும் அதனை முயலின் வயிறு தாங்காது.

தண்ணீரோ உணவினும் முக்கியமானது. முயல் தன் எடையில் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளொன்றுக்கு ஏறக்குறைய 50 முதல் 150 மில்லிலீற்றர் வரை நீர் குடிக்கும். தொங்கும் குழாய்ப் போத்தலிலும் பார்க்கக் கனமான மண்சட்டியிலிருந்தே அது கூடுதலாகக் குடிக்கும். வெப்பம் 30 பாகை சென்ரிகிரேட்டைக் கடந்தால் முயல் வருந்தும். ஆகவே கூடு நிழலிலும் காற்றோட்டத்திலும் இருத்தல் வேண்டும்.

நோய் தொடங்கியதை அறியப் புழுக்கையே முதற் சாட்சி. மயிரிலே கோத்த புழுக்கை ஓர் எச்சரிக்கை. அப்போதே புல்லையும் நீரையும் பெருக்கி, தினமும் வாரி வந்தால் பெரும்பாலும் அது நீங்கும். புழுக்கை சிறுத்து, உணவில் நாட்டம் குறைந்து, முயல் முதுகைக் கூனிப் பற்களை உரக்க நறநறவென்று கடித்தால், அது வலியின் அடையாளம். பத்துப் பன்னிரண்டு மணி நேரம் உண்ணாமலோ புழுக்கை போடாமலோ இருந்தால் மறுநாள் வரை பொறுத்தல் கூடாது.

அந்த வீட்டிலே அன்று மாலை முயல் கூனிக்கொண்டு மூலையில் இருந்தது. சிறுமி மறுபடியும் தகப்பனாரிடம் சென்றாள். “அப்பா, காலை ஆறு மணிக்குப் பிறகு ஒரு புழுக்கையும் விழவில்லை. நாளைக்கு என்றால் நாளைக்கு முயல் இராது” என்றாள். அவர் அவள் முகத்தைப் பார்த்தார்; பிறகு சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டார்.

மிருக வைத்தியர் முயலின் வயிற்றைத் தடவிப் பார்த்தார். உடலின் வெப்பத்தை அளந்தார். நலமுள்ள முயலுக்கு அது 38.5 முதல் 40 பாகை வரை இருக்கும். அந்த முயலின் வெப்பம் சற்றே குறைந்திருந்தது. பின்னர் அவர் கேட்ட முதற் கேள்வி, “எப்போதிருந்து புழுக்கை நின்றது?” என்பது. அவ்வீட்டிலே அதற்கு விடை சொல்லக்கூடியவர் ஒருவர்தான் இருந்தார்.

அந்தக் கேள்விக்குக் காரணம் உண்டு. குடல் தளர்ந்திருப்பது வேறு. முற்றாக அடைபட்டிருப்பது வேறு. அடைபட்ட குடலுள்ள முயலுக்கு வலிந்து உணவூட்டினால் இரைப்பை ஊதி வெடிக்கவுங்கூடும். ஆகையால் வைத்தியர் பார்க்குமுன் எதையும் வாயிற் திணித்தல் ஆகாது. மனிதருக்குரிய மருந்துகளும் ஆகா. பெனிசிலின் வகை மருந்தை வாய்வழி கொடுத்தால், குருட்டுக்குடலில் வாழும் நல்ல நுண்ணுயிர்கள் அழிந்து முயல் இறக்க நேரும்.

அடைப்பு இல்லையென்று கண்ட வைத்தியர், தோலின்கீழே நீர் ஏற்றினார். வலி தணியவும் குடல் அசையவும் மருந்து கொடுத்தார். புல்லினாற் செய்த தீவனத்தை நீரிற் கரைத்து, ஊசியில்லாத மருந்துக் குழலினாற் கடைவாயில் சிறிது சிறிதாக ஊட்டும் முறையைக் காட்டினார். அன்றிரவு தகப்பனாரும் மகளும் முறைவைத்து விழித்திருந்தனர். அப்பாச்சி தம் பழைய சேலையொன்றை மடித்து, முயலுக்குக் குளிரெடாதபடி விரித்துக் கொடுத்தார். மறுநாள் நண்பகலிலே மூன்று சிறு புழுக்கைகள் விழுந்தன. அவற்றைக் கண்டு ஒரு குடும்பமே மகிழ்ந்தது.

எல்லா முயல்களும் இவ்வாறு பிழைத்துவிடுவதில்லை. இந்த முயல் பிழைத்தது மருந்தினால் என்பது உண்மை. மருந்து உரிய நேரத்திலே கிடைத்தது ஒரு பிள்ளை கூட்டைக் கூட்டும்போது கண்ணைத் திறந்து வைத்திருந்ததனால் என்பதும் உண்மை. முயல் வளர்க்கும் நேயர்கள் நாளைக் காலை கூட்டடியிலே ஒரு கணம் குனிந்து பார்ப்பார்களாக. அங்கே கூட்டும் பிள்ளை ஏதேனும் சொன்னால், அதனைச் சற்றே நின்று கேட்பார்களாக.