வென்றவன் வீட்டின் கீழே

மெக்சிக்கோ நகரின் பேராலயத்துக்கு மேற்கே பழைய மாளிகையொன்று நிற்கின்றது. எளியோர் நகைகளை அடைவு வைத்துப் பணம் பெறுவதற்கென 1775ஆம் ஆண்டில் நிறுவப்பெற்ற அறநிலையம், 1836ஆம் ஆண்டில் அம்மாளிகையிற் குடிபுகுந்தது. அந்த மாளிகையின் நிலத்தடியில் வெளிப்பட்டவற்றைப் பற்றியே இன்று பேச விரும்புகின்றேன்.

மெக்சிக்கோ, ஏரிப் படுகையின் மேல் எழுந்த நகரம். நிலத்தடி நீரை இறைக்க இறைக்க அடிமண் இறுகுகின்றது; கட்டடங்கள் தாழ்கின்றன. ஆகவே 2017ஆம் ஆண்டில், மாளிகை முற்றத்துத் தூண்களின் நிலையை அறியச் சில குழிகள் தோண்டப்பட்டன.

முதலில் வெளிப்பட்டது, ஏறக்குறைய 5 மீற்றர் நீளமும் 4 மீற்றர் அகலமும் உடைய ஓர் அறை. 1521ஆம் ஆண்டில் நகரை வீழ்த்திய ஸ்பானியத் தளபதி கோட்டெஸ் தனக்கென அமைத்த வீட்டின் பகுதி அது. அதற்கும் கீழே, நிலமட்டத்திலிருந்து 3 மீற்றருக்கு மேற்பட்ட ஆழத்தில், எரிமலைக் கருங்கற் பலகைகள் பாவிய மற்றொரு தளம் கிடந்தது. அது அஸ்தெக் மன்னன் அசாயகத்தலின் அரண்மனை முற்றம் என்று 2020ஆம் ஆண்டில் அந்நாட்டுத் தொல்லியலாளர் அறிவித்தனர்.

அசாயகத்தலின் மைந்தனே மொக்தெசுமா. 1519ஆம் ஆண்டு நவம்பரில் ஸ்பானியர் வந்தபோது, தன் தந்தையின் அரண்மனையையே அவர்களுக்குத் தங்குமிடமாக அளித்தான். சில நாட்களில் வந்தவர் காவலராயினர், அளித்தவன் கைதியானான். அடுத்த ஆண்டில் உயிரும் நீத்தான்.

அரண்மனை இடிக்கப்பட்டது; கற்களோ வீசப்படவில்லை. வென்றவன் வீட்டுக்கு அவையே தளமும் சுவருமாயின. இறகு நாகம் செதுக்கிய தெய்வச் சிற்பமொன்றும் மூலைக்கல்லாகப் பதிக்கப்பட்டிருந்தது. அந்நாளில் புதிய நகரைக் கட்டும் வேலை தோற்ற மக்களின் தோள்மீதே சுமத்தப்பட்டது. தம் முன்னோர் செதுக்கிய கற்களை அவர்கள் தம் கையாலேயே பிறன் வீட்டுக்குச் சுமந்தனர்.

அப்படியாயின், மேலுள்ள மாளிகையை அகற்றி அரண்மனையை முழுவதும் வெளிக்கொணரலாகாதா என்று கேட்கத் தோன்றும். 1978ஆம் ஆண்டில், அருகிலேயே, மின்சாரத் தொழிலாளர் சந்திரதேவியின் சிற்பத்தைக் கண்டபின், பெருங்கோயிலை வெளிக்கொணர 13 கட்டடங்கள் இடிக்கப்பட்டன. அதனாற் கிடைத்த அறிவு பெரிது. ஆயினும் இடித்த கட்டடம் மீளாது. இங்கோ, குழிகளின் அளவிலேயே ஆய்வு நடைபெற்றது. அரண்மனையின் பெரும்பகுதி இன்னும் காணப்படாதிருக்கலாம். ஆனால், அரசனின் முற்றம், வென்றவனின் அறை, அடைவு நிலையத்தின் தூண் ஆகிய மூன்றும் ஒன்றன்மேலொன்றாக நிற்கின்றன. அவற்றுள் எதை அகற்றினாலும் மற்ற இரண்டின் கதையும் குறைபட்டுப்போகும் என்பதே என் கருத்து.