வீடு திரும்பிய பின்



ஜூலை 14 அன்று புனித கமில்லஸ் தே லெல்லிஸ் திருநாளைக் கொண்டாட இருக்கிறோம். நோயாளிகளின் பாதுகாவலர் என்று அவரை அறிவோம். அவரே மருத்துவமனைக்கு மீண்டும் மீண்டும் போய்வந்த நோயாளி என்பதை நாம் அதிகம் பேசுவதில்லை. படைவீரராக இருந்தபோது காலில் வந்த புண்ணுக்காக 1571இல் உரோமையின் புனித யாக்கோபு மருத்துவமனையில் சேர்ந்தார். சூதாட்டம் அவரை அங்கிருந்து வெளியேற்றியது. 1575இல் மனம் மாறிக் கப்புச்சின் துறவிகளோடு சேர்ந்தார். புண் மறுபடி திறந்துகொண்டது. துறவு வாழ்வை விட்டு அதே மருத்துவமனைக்கே திரும்ப வேண்டியதாயிற்று. எவ்வளவு கசந்திருக்கும்! ஆனால் நோயாளிகளுக்குப் பணிபுரியும் அழைத்தலை அங்கேதான் கண்டுகொண்டார்.

இன்று நம் பங்குகளில் முழங்கால் மூட்டோ இடுப்பு மூட்டோ மாற்றிக்கொண்டவர்கள் பலர் இருக்கிறார்கள். பெரும்பாலோர் நலமாக நடக்கிறார்கள், இறைவனுக்கு நன்றி. சிலர் மட்டும் சில வாரங்களிலேயே எதிர்பாராமல் மருத்துவமனைக்குத் திரும்ப நேரிடுகிறது. அமெரிக்காவில் முதியோருக்கான அரசுக் காப்பீடாகிய மெடிகேர், இப்படி 30 நாட்களுக்குள் திரும்புவோரைக் கணக்கெடுத்து, எண்ணிக்கை மிகுந்த மருத்துவமனைகளுக்குத் தரும் தொகையைக் குறைக்கிறது. 2014 அக்டோபர் முதல் இந்த இரு அறுவைச் சிகிச்சைகளும் அந்தக் கணக்கில் சேர்ந்தன. அது மருத்துவமனையின் கணக்கு. அந்த 30 நாட்களில் பெரும்பகுதி கழிவதோ நம் வீட்டில்.

அங்கே என்ன நடக்கிறது? தையல் போட்ட இடத்தில் நீர் கசிகிறது. அம்மா புடவையை இழுத்து மூடிக்கொள்கிறார். "பையன் ஏற்கெனவே கடன் வாங்கியிருக்கிறான், இதை வேறு சொல்லவா?" கெண்டைக்கால் வீங்கி வலிக்கிறது, தைலம் தேய்த்துக்கொள்கிறார். அது இரத்தக் கட்டியாக இருந்தால் நுரையீரலுக்குப் போய் உயிருக்கே ஆபத்தாகலாம். இரத்தம் உறையாமலிருக்கத் தந்த மாத்திரையை, வலி குறைந்ததும் தானாகவே நிறுத்திவிடுகிறார். இரவில் யாரையும் எழுப்ப மனமின்றிக் கழிவறைக்குத் தனியே போய் விழுகிறார். இடுப்பு மூட்டு மாற்றியவர் பழக்கதோஷத்தில் தாழ்ந்த முக்காலியில் உட்கார, மூட்டு நழுவிவிடுகிறது.

இவற்றில் எல்லாமே தடுக்கக்கூடியவை அல்ல. நன்றாகக் கவனித்த வீட்டிலும் கிருமித் தொற்று வரும். ஆகவே திரும்பிப் போக நேர்ந்தவரைக் குற்றவாளியாகப் பார்க்க வேண்டாம். "சொன்னபடி நடந்திருந்தால் இப்படி ஆகியிருக்குமா?" என்று ஒருமுறை கேட்டுவிட்டால் போதும், அடுத்த முறை காய்ச்சல் வந்தாலும் அவர் வாய் திறக்கமாட்டார்.

நல்ல சமாரியரை நினைத்துப் பாருங்கள். காயத்துக்குக் கட்டுப் போட்டதையும் சத்திரத்தில் சேர்த்ததையும் நாம் மறைக்கல்வியில் படித்திருக்கிறோம். மறுநாள் பணம் கொடுத்துவிட்டு, மேலே செலவானால் திரும்பி வரும்போது தருகிறேன் என்றாரே, அதை அவ்வளவாகக் கவனிப்பதில்லை. கூடுதல் செலவு வரலாம் என்று அவர் முன்பே எதிர்பார்த்திருந்தார். அடிபட்டவரைப் பார்த்து, "இன்னும் ஆறவில்லையா?" என்று கேட்கவில்லை.

நற்கருணை கொண்டுபோகிறவர்களும் அன்பியத்தாரும் அந்த வீட்டில் செபம் முடிந்ததும் எழுந்துவிடாமல், "காலைப் பார்க்கலாமா அம்மா?" என்று கேட்கலாம். மகனிடம் சொல்லாததை அவர் நம்மிடம் சொல்லிவிடுவார். வீக்கமோ கசிவோ காய்ச்சலோ மூச்சுத்திணறலோ இருந்தால் காலைவரை காத்திராமல் மருத்துவரை அழைக்க வேண்டும். மருத்துவமனைக்குப் போவதென்றால் வண்டி ஏற்பாடு செய்து, துணைக்கு ஒருவர் உடன் போகலாம்.

இன்னொன்று. எழுந்தேற்றத்தின்போது முழந்தாளிட முடியவில்லையே என்று கண்கலங்குகிறவர்கள் உண்டு. உடல்நலக் காரணத்தால் முழந்தாளிட இயலாதவர் நிற்கலாம், எழுந்தேற்றத்துக்குப்பின் குரு முழந்தாளிடும்போது தாழ்ந்து வணங்கினால் போதும் என்று திருப்பலி நூலின் பொதுப் படிப்பினையே சொல்கிறது. புது மூட்டோடு முதல் ஞாயிறு கோயிலுக்கு வருகிறவருக்குக் கைப்பிடியுள்ள, சற்று உயரமான நாற்காலி ஒன்றைக் கதவருகே போட்டு வைப்போம்.