தோளில் இறங்காத சுமை

மார்பகத்தைப் பற்றிப் பொதுவில் பேச நம்மவர் நாணுகின்றனர். வானொலியில் இதைப் பேசலாமா என்று நானும் தயங்கினேன். அத்தயக்கத்தைப் போக்கியவள் ஒரு கல்லூரி மாணவி.

தருமபுரி மாவட்டத்தில் நான் மருத்துவம் பார்த்துவந்த நாட்களில், பென்னாகரம் பக்கத்துச் சிற்றூரிலிருந்து அவளைத் தாயார் அழைத்து வந்தார். கழுத்திலும் முதுகிலும் ஓயாத வலி. எலும்பைக் கெடுக்கும் புளோரைடு நீரை இம்மாவட்டத்தார் நன்கு அறிவர். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் எழுந்ததும் அதன் பொருட்டே. ஆகவே தாயாரும் கிணற்று நீரையே பழித்தார். ஆனால், பெண்ணின் தோள்களில் உள்ளாடைப் பட்டி அழுந்திய பள்ளங்கள் உண்மையைக் கூறின. அளவு மீறி வளர்ந்த மார்பகங்களின் பாரமே நோய். புத்தகங்களை அணைத்துக்கொண்டு கூனி நடந்த அவளை, அடக்கமான பெண் என்று ஊரார் புகழ்ந்தனராம்!

உடற்பயிற்சியும் தக்க உள்ளாடையும் சிலருக்குப் போதும். போதாதவர்க்கு அறுவை சிகிச்சை உண்டு. மிகுதியான கொழுப்பையும் சுரப்பித் திசுவையும் தோலையும் நீக்கி, இரத்த ஓட்டம் அறாமல் காம்பை மேலே உயர்த்தித் தைப்பர். தோலில் முன்னரே அளந்து வரைந்துகொள்ளும் முறையொன்றை அமெரிக்க மருத்துவர் ராபர்ட் வைஸ் 1956-இல் வெளியிட்டார். அது இன்றும் வழக்கில் உள்ளது.

“அம்மா, நாளைக்கு என் பிள்ளைக்குப் பால் கொடுக்க முடியுமா?” என்று அவள் கேட்டாள். “முடியலாம், குறையவும் கூடும். தொடு உணர்ச்சி மங்கலாம். தழும்பு வெளுக்குமேயன்றி அடியோடு மறையாது” என்று ஒளிக்காமல் சொன்னேன். உடல் வளர்ச்சி நின்றபின் செய்துகொள்வதே நன்று என்பதையும் விளக்கினேன். அவள் ஓராண்டு எண்ணிப் பார்த்துத் தானே முடிவு செய்தாள்.

சிகிச்சைக்குப் பின் பொறுமை வேண்டும். சில வாரங்கள் மார்பைத் தாங்கும் உள்ளாடையை அணிய வேண்டும். இரண்டு வாரங்களில் பெரும்பாலோர் படிப்புக்குத் திரும்பலாம். குடம் தூக்குதல் முதலிய பளுவான வேலைகள் ஏறத்தாழ ஆறு வாரம் ஆகா. காய்ச்சலோ சீழோ கண்டால் உடனே மருத்துவரிடம் செல்ல வேண்டும். வீக்கம் முற்றும் தணியச் சில மாதங்கள் செல்லும்.

2018-இல் சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையில், மார்பகத்தைப் பெருக்கவும் குறைக்கவும் இலவசச் சிகிச்சைப் பிரிவு தொடங்கப்பெற்றது. அழகுக்கு அரசுப் பணமா என்று அப்போது கேள்வி எழுந்தது. வலியால் கூனியவளுக்கு இது அழகுப் பொருளன்று. செல்வர் பணம் கொடுத்து இறக்கும் சுமையை, ஏழை மகள் மட்டும் ஆயுள் முழுதும் சுமக்க வேண்டுமா?

மாணவர்களே, உடன் பயிலும் ஒருத்தி கூனி நடந்தால் நகையாதீர்கள். மாணவிகளே, வலியை நாணத்தால் மூடாதீர்கள். தாயிடம் சொல்லுங்கள், மருத்துவரிடம் சொல்லுங்கள். சொல்லாத வலிக்கு மருந்திடுவார் எவருமில்லை.