டி.ஓ. என்ற இரண்டு எழுத்து

(நம் குடியிருப்பின் மூத்த குடிமக்கள் மாதக் கூட்டத்தில் கிளப் ஹவுஸில் பேசியதன் எழுத்து வடிவம்)



அமெரிக்கா போய்விட்டு வந்தவர் யாராவது பேச வேண்டும் என்று செயலாளர் சொன்னபோது, நயாகராவும் டிஸ்னியும் பற்றி ஏற்கெனவே மூன்று பேர் பேசிவிட்டார்கள் என்பது எனக்கு ஞாபகம் வந்தது. அதனால் நான் ஒரு டாக்டரின் பெயர்ப் பலகையைப் பற்றிப் பேசப் போகிறேன். நம் பிளாக்குகளில் பாதி வீடுகளில் பிள்ளைகள் அங்கே இருக்கிறார்கள். நாமும் ஆறு மாதம் போய் இருந்துவிட்டு வருகிறோம். இந்தப் பலகை உங்கள் கண்ணிலும் ஒரு நாள் படும்.

மகள் இருப்பது மிச்சிகன் மாநிலத்தில், லான்சிங் பக்கம். போன மூன்றாவது வாரமே எனக்கு வலது தோள் பிடித்துக்கொண்டது. கையைத் தூக்கிச் சட்டை போட முடியவில்லை. அவர்கள் குடும்ப டாக்டரிடம் அழைத்துப் போனாள். வாசலில் அவர் பெயருக்குப் பின்னால் எம்.டி. இல்லை, டி.ஓ. என்று இருந்தது. என்ன என்று கேட்டேன். "டாக்டர் ஆஃப் ஆஸ்டியோபதிக் மெடிசின், அப்பா" என்றாள். ஆஸ்டியோ என்றால் எலும்பு. எனக்கு உடனே புத்தூர் கட்டுதான் ஞாபகம் வந்தது. "ஏம்மா, இவ்வளவு பெரிய ஊரில் ஒரு எம்.டி. கிடைக்கவில்லையா?" என்று அங்கேயே கேட்டுவிட்டேன். தமிழில்தான் கேட்டேன், ஆனால் எம்.டி. என்பது எந்த மொழியிலும் எம்.டி.தானே. ரிசப்ஷனில் இருந்த பெண் நிமிர்ந்து பார்த்தாள்.

உள்ளே போனதும் டாக்டர் தோளைத் தொடவில்லை. முதலில் சர்க்கரை உண்டா என்று கேட்டார். இல்லை என்றேன். கடைசியாக எப்போது பார்த்தீர்கள் என்றார். நான் மனைவியைப் பார்த்தேன், அவள் கூரையைப் பார்த்தாள். ரத்தப் பரிசோதனை எழுதிக் கொடுத்தார். சர்க்கரை உள்ளவர்களுக்குத் தோள் இப்படி இறுகிப்போவது சாதாரணம் என்றார். அதன் பிறகுதான் என்னை இடது பக்கமாகப் படுக்க வைத்து, வலக் கையைப் பிடித்து மெதுவாக ஒவ்வொரு திசையிலும் நகர்த்தினார். ஸ்பென்சர் முறை என்று பெயராம், ஏழு நிலை உண்டாம். ரத்தப் பரிசோதனையில் சர்க்கரை வந்தது. தோள் சரியாக ஐந்து மாதம் ஆயிற்று. அற்புதம் எதுவும் நடக்கவில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும்.

வெட்கமாக இருந்தது. வெட்கம் வந்தால் நான் படிப்பேன், அது பழைய பழக்கம். மகள் வீட்டில் பகலெல்லாம் வேறு வேலையும் இல்லை.

அமெரிக்காவில் முழு மருத்துவராகத் தொழில் செய்ய இரண்டு பட்டங்கள் உண்டு. எம்.டி. ஒன்று, டி.ஓ. இன்னொன்று. இருவரும் நான்கு வருடம் மருத்துவக் கல்லூரி படிக்கிறார்கள், அதன்பின் ரெசிடென்சி செய்கிறார்கள். இருவரும் மருந்து எழுதலாம், அறுவை சிகிச்சை செய்யலாம். டி.ஓ.வுக்குக் கூடுதலாக எலும்பு, தசை, மூட்டு இவற்றைக் கையால் சோதித்துச் சிகிச்சை செய்யும் பயிற்சி உண்டு. இன்று அமெரிக்காவில் மருத்துவம் படிக்கும் மாணவர்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவர் டி.ஓ. கல்லூரியில் படிக்கிறார். ட்ரம்பின் முதல் ஆட்சியின் பிற்பகுதியிலும் சரி, பைடனுக்கும் சரி, வெள்ளை மாளிகை மருத்துவர் ஒரு டி.ஓ.தான். 2020 அக்டோபரில் ட்ரம்புக்குக் கொரோனா வந்தபோது, இவர் சரியான டாக்டர்தானா என்று அங்கே டி.வி.யிலேயே கேட்டார்கள். ஆக, அந்த ரிசப்ஷனில் கேட்டவன் நான் ஒருவன் மட்டும் இல்லை.

ஒரு எச்சரிக்கை. இங்கிலாந்தில் ஆஸ்டியோபத் என்றால் வேறு. அங்கே அது சட்டப்படி பதிவு பெற்ற தனித் தொழில், ஆனால் அவர் மருத்துவர் அல்ல, மருந்து எழுத மாட்டார். லண்டனில் பிள்ளை இருப்பவர்கள் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

இதை ஆரம்பித்தவர் ஆண்ட்ரூ டெய்லர் ஸ்டில். அமெரிக்க உள்நாட்டுப் போரில் வேலை பார்த்த வைத்தியர். 1864-ல் மூளைக்காய்ச்சலில் இவருடைய மூன்று குழந்தைகள் போனார்கள். அன்றைய மருந்துகள் பாதரசமும் அபினும் சாராயமும். அவற்றின் மேல் நம்பிக்கை போய், உடம்பின் அமைப்பைச் சரிசெய்தால் உடம்பு தானே குணமாகும் என்று 1874-ல் அறிவித்தார். 1892-ல் மிசௌரி மாநிலத்துக் கிர்க்ஸ்வில் என்ற சின்ன ஊரில் பள்ளி திறந்தார். முதல் வகுப்பிலேயே பெண்களைச் சேர்த்தார். எம்.டி. பட்டம் தர அவருக்கு அனுமதி இருந்தும், வேண்டாம் என்று டி.ஓ. என்று வைத்தார். அவர் சொன்னதெல்லாம் சரி என்று நான் சொல்ல வரவில்லை. மருந்தே வேண்டாம் என்று அவருடைய சீடர்கள் பிடித்த பிடிவாதத்தை அந்தத் தொழிலே பின்னால் விட்டுவிட்டது. விட்டதால்தான் பிழைத்தது.

எம்.டி.க்களின் சங்கம் இவர்களைப் பல வருடம் டாக்டர் என்றே ஏற்கவில்லை. டி.ஓ.வுடன் சேர்ந்து நோயாளியைப் பார்ப்பதே ஒழுக்கக்கேடு என்று விதி. இரண்டாம் உலகப் போரில் ராணுவம் டி.ஓ.க்களை மருத்துவ அதிகாரியாக எடுக்கவில்லை. எம்.டி.க்கள் போர்முனைக்குப் போக, ஊரில் மிச்சம் இருந்த டாக்டர் டி.ஓ.தான். காய்ச்சல், பிரசவம், பாட்டியின் மூட்டுவலி எல்லாம் இவர்களிடம் வந்தன. அவமானப்படுத்தி வெளியே நிறுத்தியதே இவர்களைக் குடும்ப டாக்டர் ஆக்கியது என்று வைத்துக்கொள்ளலாம்.

இந்தப் பொது மருத்துவர்களுக்காக 1950-ல் ஒரு சங்கம் பிறந்தது. இன்று அதன் பெயர் அமெரிக்கன் காலேஜ் ஆஃப் ஆஸ்டியோபதிக் ஃபேமிலி பிசிஷியன்ஸ், சுருக்கமாக ஏ.சி.ஓ.எஃப்.பி. அலுவலகம் இலினாய் மாநிலத்தில், சிகாகோ பக்கத்தில் ஆர்லிங்டன் ஹைட்ஸ் என்ற ஊரில். காலேஜ் என்றதும் வகுப்பறை, கேன்டீன் என்று தேடாதீர்கள். இது தொழில் சங்கம்.

சங்கம் என்றதும் நமக்குக் கொடி, கோஷம், வேலைநிறுத்தம். நானும் முப்பது வருடம் யூனியன் சந்தா கட்டியவன்தான். ஆனால் வங்கிக்காரர்களுக்கு யூனியன் தவிர இன்னொன்றும் உண்டு. இந்தியன் இன்ஸ்டிடியூட் ஆஃப் பேங்கர்ஸ், 1928-ல் ஆரம்பித்தது. யூனியன் நம் சம்பளத்துக்குப் பேசும், இன்ஸ்டிடியூட் நமக்குப் பரீட்சை வைக்கும். சி.ஏ.ஐ.ஐ.பி. முதல் பகுதி நான் பாஸ். இரண்டாம் பகுதியில் இரண்டு முறை கோட்டை விட்டேன், அதை இங்கே விவரிக்க வேண்டியதில்லை. ஏ.சி.ஓ.எஃப்.பி. இந்த இரண்டாவது வகை. கொஞ்சம் அரசிடம் மனுப் போடும் வேலையும் உண்டு.

அது செய்யும் வேலைகளைக் கேட்டால் உங்களுக்குக் கொட்டாவி வரும். வருடா வருடம் மாநாடு. கூடிச் சாப்பிட்டுப் போட்டோ எடுத்துக் கலைகிற மாநாடு அல்ல, சர்க்கரைக்கு வந்த புது மருந்து என்ன, தடுப்பூசி அட்டவணை எப்படி மாறியது என்று உட்கார்ந்து கேட்டு, அதற்கு மதிப்பெண் வாங்கிப் போக வேண்டும். அந்த ஊரில் டாக்டர் பட்டம் வாங்கியதோடு படிப்பு முடியாது, தொடர்ந்து படித்ததாகக் கணக்குக் காட்டினால்தான் உரிமம் புதுப்பிப்பார்கள். ரெசிடென்சியில் இருக்கும் இளம் டாக்டர்களுக்கு வருடம் ஒரு முறை ஒரு பரீட்சை. பாஸ், ஃபெயில் என்பதைவிட எங்கே பலவீனம் என்று அவருக்கும் அவர் ஆசிரியருக்கும் தெரிவதற்காக. கையால் செய்யும் சிகிச்சைக்குப் பட்டறை நடத்துகிறார்கள், டாக்டர்களே மேஜை மேல் படுத்து ஒருவர் தோளை ஒருவர் பிடித்துப் பழகுவார்கள். ஒரு பத்திரிகை நடத்துகிறார்கள். மருத்துவ மாணவர்களைப் பிடித்து, இதயம், தோல் என்று போகாமல் குடும்ப மருத்துவத்துக்கு வா என்று அழைக்கிறார்கள். கடைசி வேலைதான் கஷ்டம். ஸ்பெஷலிஸ்ட் சம்பளம் எங்கே, குடும்ப டாக்டர் சம்பளம் எங்கே. இருந்தும் டி.ஓ.க்களில் பாதிக்கு மேல் குடும்ப மருத்துவம், குழந்தை மருத்துவம், பொது மருத்துவம் என்ற முதல்நிலை மருத்துவத்தில்தான் இருக்கிறார்கள்.

இனி நான் முக்கியமாகச் சொல்ல வந்த கதை.

1961-ல் கலிபோர்னியாவில் எம்.டி. சங்கமும் டி.ஓ. சங்கமும் இணைப்பு ஒப்பந்தம் போட்டன. டி.ஓ. ஒருவர் 65 டாலர் கட்டினால் எம்.டி. என்று போட்டுக்கொள்ளலாம். புதுப் படிப்பு வேண்டாம், பரீட்சை வேண்டாம். ஐம்பது வருட அவமானத்தைத் துடைக்க 65 டாலர். இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் கட்டினார்கள். அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். நான் அந்த இடத்தில் இருந்திருந்தால் முதல் நாளே வரிசையில் நின்றிருப்பேன். டி.ஓ. கல்லூரி எம்.டி. கல்லூரியாக மாறியது, இன்று அது அர்வைனில் உள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்து மருத்துவக் கல்லூரி. 1962-ல் மக்கள் வாக்கெடுப்பு நடந்து, இனிமேல் அந்த மாநிலத்தில் புதிதாக டி.ஓ. உரிமம் கிடையாது என்று ஆகிவிட்டது. இருப்பவர்கள் வயதாகிப் போனால் கணக்கு முடிந்தது.

ஆனால் கலிபோர்னியா எல்லையைத் தாண்டினால் பல மாநிலங்கள் அந்த 65 டாலர் எம்.டி.யை ஏற்கவில்லை. 'சின்ன எம்.டி.' என்று கேலிப் பெயர். சில நூறு பேர் மட்டும் பணம் கட்ட மறுத்து டி.ஓ.வாகவே இருந்தார்கள். வழக்குப் போட்டார்கள். 1974-ல் கலிபோர்னியா உச்ச நீதிமன்றம், டி.ஓ. உரிமத்தைத் திரும்பக் கொடு என்று தீர்ப்புச் சொன்னது. இதற்கு நடுவில் 1966-ல் ராணுவம் டி.ஓ.க்களை மருத்துவ அதிகாரியாக எடுக்க ஆரம்பித்தது. 1969-ல் எம்.டி.க்களின் அமெரிக்க மருத்துவச் சங்கமே டி.ஓ.க்களை உறுப்பினராகச் சேர்க்கச் சம்மதித்தது. அவர்களை விழுங்கிவிடலாம் என்று நினைத்த சம்பவத்துக்குப் பிறகுதான் அவர்கள் வளர்ந்தார்கள். மிச்சிகனில் என் டாக்டர் மாதிரி ஆட்கள் படிக்கும் டி.ஓ. கல்லூரி 1969-ல் ஆரம்பித்தது, இரண்டு வருடத்தில் அது அரசுப் பல்கலைக்கழகமான மிச்சிகன் ஸ்டேட்டோடு சேர்ந்தது.

இதைப் படித்த அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. நான் ஓய்வு பெற்ற பிறகு என் வங்கி இன்னொரு வங்கியில் இணைந்துவிட்டது, உங்களில் பலருக்குத் தெரியும். பென்ஷன் ஒழுங்காக வருகிறது. பாஸ்புக் அட்டையில் இருக்கும் பெயர் மட்டும் நான் வேலை பார்த்த இடத்தின் பெயர் இல்லை. யாரும் எங்களைக் கேட்கவும் இல்லை, 65 டாலர் கட்டு என்று சொல்லவும் இல்லை.

இப்போது இவர்களுக்கு மறுபடி அதே கேள்வி வேறு ரூபத்தில் வந்திருக்கிறது. 2014-ல் ஒப்பந்தம் போட்டு, 2020 ஜூனுக்குள் எம்.டி., டி.ஓ. ரெசிடென்சி பயிற்சிகள் எல்லாம் ஒரே அங்கீகார அமைப்பின் கீழ் வந்துவிட்டன. ஒரே மருத்துவமனையில் இரண்டு பேரும் பக்கத்துப் பக்கத்தில் பயிற்சி பெறுகிறார்கள். குடும்ப மருத்துவம் முடித்த டி.ஓ., தகுதிச் சான்றுக்குத் தன் பழைய வாரியத்தின் பரீட்சையும் எழுதலாம், எம்.டி.க்கள் எழுதும் வாரியத்தின் பரீட்சையும் எழுதலாம். அப்படியானால் தனிச் சங்கம் எதற்கு என்று ஓர் இளம் டாக்டர் கேட்டால் ஏ.சி.ஓ.எஃப்.பி. என்ன பதில் சொல்லும்?

எங்களிடம் கைச்சிகிச்சை இருக்கிறது என்றால், டி.ஓ.க்களில் பெரும்பாலோர் தினசரித் தொழிலில் அதை அதிகம் செய்வதில்லை என்று கருத்துக்கணிப்புகள் சொல்கின்றன. நேரம் இல்லை, இன்ஷூரன்ஸ்காரன் கொடுக்கும் பணம் போதவில்லை, ரெசிடென்சியில் சொல்லித்தர ஆள் இல்லை. முழு மனிதனைப் பார்க்கிறோம் என்றால், நல்ல எம்.டி.யும் அதைத்தான் செய்கிறார். இதை என் டாக்டரிடமே, கடைசி முறை போனபோது கேட்டேன். என் இங்கிலீஷ் கவுண்டர் இங்கிலீஷ், இருந்தாலும் புரிந்துகொண்டார். அவர் சங்கத்தைப் பற்றிப் பெரிதாக ஒன்றும் சொல்லவில்லை. அந்த வருட மாநாட்டில் ஒரு பட்டறையில் தோள் சிகிச்சையை மறுபடி பழகிவிட்டு வந்ததாகவும், கல்லூரியில் கற்றதைப் பாதி மறந்திருந்ததாகவும் சொன்னார். அதற்கு இரண்டு மாதம் கழித்து நான் அவரிடம் போயிருக்கிறேன்.

அது போதுமா என்றால் எனக்கும் தெரியவில்லை. எம்.டி.க்களோடு முழுக்கச் சேர்ந்துவிட்டால் அந்தப் பட்டறையை அடுத்த பத்து வருடம் யார் நடத்துவார்கள் என்பது என் சந்தேகம். மகள் இதை ஒப்புக்கொள்ளவில்லை. மாப்பிள்ளை ஒப்புக்கொண்டார், ஆனால் அவர் எப்போதுமே என்னோடு ஒப்புக்கொள்வார்.

போகும்போது என்ன செய்ய வேண்டும் என்று பி பிளாக் மாமி ஆரம்பத்திலேயே கேட்டார்கள். டி.ஓ. என்று பலகை இருந்தால் தாராளமாக உள்ளே போங்கள், மாமி. கிளம்புவதற்கு முன்னால் இங்கேயே சர்க்கரை பார்த்துக்கொள்ளுங்கள். அங்கே அந்த ஒரு டெஸ்டுக்கு வந்த பில்லை நான் இங்கே சொன்னால் கூட்டம் முடிய எட்டு மணி ஆகிவிடும். வேறு கேள்வி இருந்தால் கேளுங்கள், சுண்டல் வந்துகொண்டிருக்கிறது.