வரவர எடை போடும் கணினி

ரப்பர்த் தோட்டத்தில் பால் நிறுக்கும் நேரத்தை நினைத்துப் பாருங்கள். வாளிகளோடு எல்லாரும் வரிசையில் நிற்கிறார்கள். கடைசி ஆளும் வந்து சேரட்டும் என்று கிராணி காத்திருப்பதில்லை. முன்னால் நிற்பவரின் பாலை எடை போட்டு, கணக்கில் எழுதி, தொட்டியில் ஊற்றச் சொல்லிவிட்டு அடுத்தவரைக் கூப்பிடுகிறார். காத்திருந்தால் வாளி வைக்க இடம் போதாது, பாலும் உறைந்துவிடும்.

கணினிக்கு நிரல் எழுதுவதிலும் இப்படி ஒரு முறை உண்டு. ஒரு விடை தேவைப்படும் வரை அதைக் கணிக்கவே வேண்டாம் என்ற கருத்தை 1976-ஆம் ஆண்டில் ஹெண்டர்சன், மோரிஸ் என்ற இருவரும், தனியாக பிரீட்மன், வைஸ் என்ற இருவரும் கட்டுரைகளில் விளக்கினார்கள். இதற்குச் 'சோம்பல் கணிப்பு' என்று பெயர். பெயரைக் கேட்டு முகம் சுளிக்க வேண்டாம். இங்கே சோம்பல் நல்ல குணம்தான். 1990-இல் முதல் அறிக்கை வெளிவந்த ஹாஸ்கெல் என்ற நிரல்மொழி இந்த வழக்கத்தைக் கைக்கொண்டது.

அந்த மொழியில் ஒரு கோப்பைத் திறந்து, 'இதிலுள்ள எழுத்தெல்லாம் வேண்டும்' என்று கேட்கலாம். உடனே பட்டியல் கைக்கு வந்துவிடும். ஆனால், அப்போது ஓர் எழுத்தும் வாசிக்கப்பட்டிராது! நிரல் கேட்கக் கேட்கத்தான் கோப்பிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக வரும். பயன்பட்டு முடிந்த பகுதியை நினைவகத்திலிருந்து கணினியே அகற்றிவிடும். ஆகவே நினைவகத்தில் அடங்காத பெரிய கோப்பிலும் வரிகளை எண்ணிவிடலாம்.

இதைக் கெடுப்பதும் எளிது. சராசரி காண்பதற்காக முதலில் தொகையைக் கூட்டி, பிறகு அதே பட்டியலை எண்ணினால், எண்ணுவதற்காக முழுப் பட்டியலும் நினைவகத்திலேயே தங்கிவிடும். கூட்டும்போதே எண்ணிக்கொண்டு போனால் அந்தத் தொல்லை இல்லை.

இனி முக்கியமான இடத்துக்கு வருவோம். எழுத்துகளைப் பார்த்து, இது பெயர், இது தொகை என்று பிரிக்கும் பகுதிக்குப் பகுப்பான் என்று பெயர். 'கோப்பு முழுவதும் சரி' அல்லது 'தவறு' என்று ஒரே விடையை அது சொல்லவேண்டுமானால், கடைசி எழுத்து வரை பார்த்தாக வேண்டும். அதுவரை எதையும் வெளியே விடாது. வாசிப்பு சோம்பலாக இருந்து என்ன பயன்? மாறாக, ஒவ்வொரு வரியையும் பிரித்தவுடனே வெளியே தரும்படி பகுப்பானை எழுதலாம். வேலை ஓடையாக ஓடும்.

ஆனால் அதற்கு ஒரு விலை உண்டு. 1000 பேருடைய சம்பளக் கோப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். 900 பேருக்குச் சீட்டு அச்சாகிவிட்டது. 901-ஆவது வரி சிதைந்திருப்பது அப்போதுதான் தெரிகிறது. அச்சான சீட்டுகளை நம்புவதா? மீதி 100 பேருக்கு என்ன பதில் சொல்வது? வருகிற செய்திகளை எண்ணுவது போன்ற வேலையில் ஒரு வரி கெட்டால் விட்டுவிட்டுப் போகலாம். சம்பளத்தில் அது கூடாது என்பதே என் கருத்து.

1000 வரி கணினிக்கு ஒரு பொருட்டே அல்ல. முழுவதையும் நினைவகத்தில் வைத்துச் சரிபார்த்துவிட்டே அச்சிடலாம். மிகப் பெரிய கோப்பானால், ஒருமுறை சரிபார்ப்பதற்காக மட்டும் ஓடவிட்டு, பிறகு கோப்பை மறுபடி திறந்து அச்சிட வேண்டும். மறுபடி திறக்காமல் பழைய பட்டியலையே வைத்துக்கொண்டால், சராசரிக் கணக்கில் பார்த்த அதே தொல்லை வந்து நிற்கும்.