மாணவர் உழைப்பில் வளரும் அச்சுக் கருவி



ஊர்க் கண்மாயின் நீர் அனைவர்க்கும் உரியது. அதன் கரையைக் காக்கும் கடமையும் அனைவரையும் சாரும். வீட்டுக்கு ஓர் ஆள் வந்து மண் சுமந்த குடிமராமத்தினால் அன்றோ நம் கண்மாய்கள் நிலைத்தன? கணிப்பொறி உலகிலும் அத்தகைய பொதுச் சொத்துக்கள் உள்ளன. அவற்றுள் ஒன்று ஸ்கிரைபஸ்.

பத்திரிகை, துண்டறிக்கை, புத்தகம் ஆகியவற்றின் பக்கங்களை அமைத்து அச்சுக்கு அனுப்ப உதவும் மென்பொருள் இது. பிரான்ஸ் ஷ்மிட் என்பவர் தொடங்கிய இம்மென்பொருளின் 1.0 பதிப்பு 2003-ஆம் ஆண்டு வெளிவந்தது. இதற்கு விலை இல்லை. இதன் மூலநிரலை எவரும் படிக்கலாம், திருத்தலாம், பிறர்க்கு வழங்கலாம்.

இத்தகைய பொது மென்பொருள்களில் மாணவர்களை ஈடுபடுத்தக் கூகுள் நிறுவனம் 2005-இல் ஒரு கோடைக்காலத் திட்டத்தைத் தொடங்கியது. மாணவர் ஒருவர் ஒரு வேலையைப் பொறுப்பேற்பார். அனுபவம் மிக்க நிரலாளர் ஒருவர் வழிகாட்டுவார். உழைப்புக்கு உதவித்தொகையும் உண்டு. ஸ்கிரைபஸ் குழுவும் இத்திட்டத்தின் வழியே மாணவர்களை ஏற்றது. 2022 முதல் மாணவரல்லாத புதியவர்களும் இதிற் சேரலாம்.

இங்கே ஓர் எச்சரிக்கை வேண்டும். விடுமுறையில் எழுதிய நிரல் மூலத்துடன் இணைக்கப்படாமல் நின்றுவிட்டால், வாய்க்கால் வெட்டாத மடையைப் போல் அது பயனற்றுப் போகும். பிறர் சோதித்துக் குறை கூறும்போது பொறுமையுடன் திருத்தி, வேலையை முடித்துக் கொடுப்பவரே உண்மையில் உதவியவர் ஆவார்.

இதில் நமக்கென்ன என்று கேட்கலாம். 'கெ' என்னும் எழுத்தைப் பாருங்கள். கணிப்பொறியில் ககரம் முன்னும் கொம்பு பின்னுமாகப் பதிவாகின்றன. தாளிலோ கொம்பு ககரத்தின் இடப்புறம் நிற்றல் வேண்டும். இந்த ஒழுங்கை ஸ்கிரைபஸ் நெடுங்காலம் அறியாதிருந்தது. ஓமான் நாட்டு நிரலாளர்கள் தங்கள் அரபு எழுத்தின் தேவைக்காக மேற்கொண்ட முயற்சியால் 1.5.3 பதிப்பில் இக்குறை நீங்கும் வழி பிறந்தது. அப்பயன் இந்திய மொழிகளுக்கும் கிட்டியது. ஒருவர் தூர்த்த உடைப்பினால் அடுத்த வயலும் பிழைத்தது போலாயிற்று! 2019-இல் கேரளத்தின் 'ஜனயுகம்' நாளிதழ் தன் பக்க அமைப்பை ஸ்கிரைபஸுக்கு மாற்றிக்கொண்டது. நாளிதழுக்கே உதவும் கருவி, கிராம சபை அறிவிப்புக்கும் வரவு செலவுக் கணக்குக்கும் உதவாதோ?

ஆகவே, நம் ஊரிற் கல்லூரி செல்லும் பிள்ளைகளிடம் இப்பணியை ஒப்படையுங்கள். நிரல் எழுதத் தெரியாதவரும் தொண்டு செய்யலாம். பஞ்சாயத்து அறிக்கை ஒன்றைத் தமிழில் அமைத்துப் பார்க்கட்டும். எந்த எழுத்து சிதைகிறது, எந்த வரி தவறான இடத்தில் உடைகிறது என்பதைப் பதிப்பெண், எழுத்துரு, மாதிரிக் கோப்பு ஆகியவற்றுடன் தெளிவாக எழுதி ஸ்கிரைபஸ் குழுவினர்க்கு அனுப்பட்டும். பட்டியல்களையும் குறிப்புகளையும் தமிழாக்கட்டும்.

தமிழில் அச்சிடுவோர் சொல்லாவிடில் தமிழின் குறையை வேறு யார் சொல்வர்? கணக்கு தெளிவாக அச்சானால்தான் குடிமக்கள் அதைப் படித்துக் கேள்வி கேட்க இயலும். அத்தெளிவிற்கு நம் பிள்ளைகளும் ஒரு கூடை மண் சுமப்பார்களாக!